கேட்டரிங் தொழிலை செண்டிரியான் பெர்ஹாட் ஆக்குவது எப்படி?

செந்தூலில் மச்சானோடு சேர்ந்து கேட்டரிங் நடத்தும் ஒரு தம்பியின் கேள்வி இது. இருவர் பெயரிலும் எஸ்.எஸ்.எம். என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் கூட்டு வணிகப் பதிவு இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து ஆர்டர்கள் போக, இப்போது ஒரு தொழிற்சாலை தன் கேண்டீனை எடுத்து நடத்தக் கூப்பிட்டிருக்கிறது. ஆனால் செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள தனியார் கம்பெனியாக இருந்தால்தான் ஒப்பந்தம் என்கிறார்கள். கம்பெனி திறக்க என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும், நாங்களே செய்துகொள்ளலாமா, வரி மிச்சமாகுமா, நாளைக்குத் தொழில் படுத்துவிட்டால் வீடு தப்புமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, கம்பெனியைப் பதிவு செய்வதுதான் இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. பெயரில் சிக்கல் இல்லாமல், விவரங்கள் சரியாக இருந்தால் சில நாளில் முடிந்துவிடும். நான் கம்பெனி செகரட்டரியாக வேலை பார்க்கிறேன். என் மேசைக்குச் சண்டையாக வந்து சேரும் கோப்புகள் எதுவும் பதிவில் நடந்த கோளாறால் வருவதில்லை. பங்கை எப்படிப் பிரித்தார்கள், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்ற இரண்டில்தான் எல்லாம் வரும். ஆகவே படிகளைச் சொல்லும்போது அந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 2016-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். 2017 ஜனவரி 31-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்தது இரண்டு டைரக்டர், இரண்டு பங்குதாரர் வேண்டும். அதனால்தான் நம் ஆட்களின் பழைய கம்பெனிகளில் மனைவி பெயரோ தங்கை பெயரோ ஒப்புக்கு ஒரு பங்கோடு உட்கார்ந்திருக்கும். இப்போது ஒரே ஆள் போதும். அவரே டைரக்டர், அவரே பங்குதாரர். பங்குதாரர்கள் ஐம்பது பேருக்கு மேல் போகக்கூடாது. டைரக்டருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது ஒரு டைரக்டருடைய முக்கிய வசிப்பிடம் மலேசியாவில் இருக்க வேண்டும். திவாலாகி இன்னும் விடுவிக்கப்படாதவர், மோசடி, லஞ்சம் போன்ற குற்றத்துக்காகக் கடந்த ஐந்து ஆண்டுக்குள் தண்டனை பெற்றவர் டைரக்டராக முடியாது. மச்சானுக்குப் பழைய கார் கடன், கிரெடிட் கார்டு கடன் ஏதாவது நீதிமன்றம் வரை போயிருந்தால், திவால் துறையில் ஒரு தேடல் போட்டுப் பார்த்துவிடுங்கள். தனக்கே தெரியாமல் திவால் பட்டியலில் இருப்பவர்கள் உண்டு.

முதல் படி பெயர். எஸ்.எஸ்.எம்.மின் இணையத் தளத்தில் பெயரைத் தேடி, ஐம்பது ரிங்கிட் கட்டி முப்பது நாளைக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். உங்கள் பழைய வணிகப் பெயர் தானாகக் கம்பெனிக்கு வந்துவிடாது. வேறு யாராவது அதே பெயரில் கம்பெனி வைத்திருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. அரச குடும்பத்தையோ அரசாங்கத்தையோ குறிக்கும் சொற்கள், பேங்க் என்ற சொல் போன்றவை அனுமதி இல்லாமல் நடக்காது. மூன்று பெயர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: எஸ்.எஸ்.எம். பெயரைப் பதிந்துவிட்டது என்பதால் அந்தப் பெயர் வர்த்தக முத்திரையாகவும் உங்களுக்குச் சொந்தம் ஆகிவிடாது. அதற்கு அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் தனி விண்ணப்பம். சாம்பார்ப் பொடி, ஊறுகாய் என்று பாக்கெட் போட்டு விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

அடுத்தது விண்ணப்பம். சூப்பர்ஃபாரம் என்று நாங்கள் சொல்லும் ஒரே படிவம், எஸ்.எஸ்.எம்.மின் இணையவழிப் பதிவுத் தளமான மைகோஐடி வழியாகப் போகும். கம்பெனியின் பெயர், என்ன தொழில், தொழில் நடக்கும் இடம், பதிவு அலுவலக முகவரி, டைரக்டர்கள் யார், பங்குதாரர்கள் யார், யாருக்கு எத்தனை பங்கு, அவ்வளவுதான். டைரக்டர் ஒவ்வொருவரும் தனக்குத் தகுதித் தடை எதுவும் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். கட்டணம் ஆயிரம் ரிங்கிட். மூலதனம் ஒரு ரிங்கிட்டாக இருந்தாலும் ஒரு மில்லியனாக இருந்தாலும் அதே ஆயிரம்தான். என்ன தொழில் என்ற இடத்தில் விசேஷச் சாப்பாட்டு கேட்டரிங்குக்கு ஒரு குறியீடு, உணவகத்துக்கு வேறு குறியீடு. கேண்டீன் ஒப்பந்தம்தான் நோக்கம் என்றால் அதற்குரிய குறியீட்டையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். பிற்பாடு பேங்க்காரர் உங்கள் ஒப்பந்தத்தையும் குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

விண்ணப்பம் சரியாக இருந்தால் பதிவு அறிவிப்பு மின்னஞ்சலில் வந்துவிடும். அந்தத் தாளில் இருக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணைப் பாருங்கள். 2019 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ள முறை அது. முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. அடுத்த இரண்டு இலக்கம் வகை: உள்நாட்டுக் கம்பெனிக்கு 01, உங்களுடையது போன்ற வணிகப் பதிவுக்கு 03. எதிர்த்தரப்பு தன்னை செண்டிரியான் பெர்ஹாட் என்று சொல்லிக்கொண்டு இன்வாய்ஸில் 03 போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். சாப்பாடு சப்ளை செய்துவிட்டுப் பணத்துக்கு அலையும் ஆட்களுக்கு இந்த இரண்டு இலக்கம் உதவும்.

சரி, இப்போது பங்கு. படிவத்தில் அது ஒரு வரிதான். அந்த ஒரு வரியை நிரப்ப எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் தகும்.

மூலதனம் ஒரு ரிங்கிட் இருந்தாலே சட்டப்படி கம்பெனி பிறந்துவிடும். ஆனால் ஒரு ரிங்கிட் கம்பெனிக்குக் கேண்டீன் கொடுக்கத் தொழிற்சாலைக்கு மனம் வராது, பேங்க்கும் யோசிக்கும். அதற்காக இல்லாத ஒரு லட்சத்தைத் தாளில் எழுதவும் கூடாது. எழுதினால் அந்தப் பணத்தைக் கம்பெனிக்கு நீங்கள் கொடுத்தாக வேண்டும். நாளைக்குக் கம்பெனி நொடித்தால் கலைப்பு அதிகாரி வந்து அதைத்தான் முதலில் கேட்பார். உண்மையில் எவ்வளவு போடுகிறீர்களோ அதை எழுதுங்கள். வேன், அடுப்பு, அண்டா, ஃப்ரீஸர் இவற்றையும் மதிப்புப் போட்டுப் பங்குக்கு ஈடாகக் கொடுக்கலாம்.

நம் வீடுகளில் பங்கு என்றால் உடனே ஆளுக்குப் பாதி என்பார்கள். மனசுக்கு நல்லா இருக்கும். சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். சாதாரணத் தீர்மானம் நிறைவேறப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். சிறப்புத் தீர்மானத்துக்கு 75 விழுக்காடு வேண்டும். கம்பெனியின் அமைப்பு விதியை மாற்றுவது, பெயரை மாற்றுவது, தாமாகவே கலைப்பது எல்லாம் சிறப்புத் தீர்மானத்தில் வரும். ஆக, 51 விழுக்காடு வைத்திருப்பவர் அன்றாட விஷயங்களில் ராஜா. கூட்டம் கூட்டி, முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, மற்றவரை டைரக்டர் பதவியிலிருந்தே இறக்கிவிடலாம். 49 வைத்திருப்பவர் தன் காசைப் போட்டுவிட்டு வெளியே நிற்பார். அவருக்கு உயர்நீதிமன்றத்தில் ஒடுக்குமுறை வழக்குப் போட வழி உண்டு, ஆனால் அந்த வழக்கின் செலவு சின்னக் கம்பெனியின் மதிப்பையே தின்றுவிடும். 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருந்தால் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்க மட்டும் முடியும்.

ஐம்பதுக்கு ஐம்பது என்றால் யாரும் யாரையும் இறக்க முடியாது, யாரும் எதையும் நகர்த்தவும் முடியாது. ஒரு சின்ன அச்சகக் கம்பெனி இப்படித்தான் என்னிடம் வந்தது. பள்ளித் தோழர்கள் இருவர், ஆளுக்குப் பாதி. ஒருவர் மனம் கசந்து கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பேங்க்கில் இருவர் கையெழுத்தும் வேண்டும், சம்பளம் எடுக்க முடியவில்லை. ஆண்டுக் கணக்கில் இரண்டு டைரக்டர் கையெழுத்து வேண்டும், தாக்கல் செய்ய முடியவில்லை. தாமதத்துக்கு அபராதம் வந்தது, அதைக் கட்டக் காசோலை எழுதவும் அந்த இன்னொரு கையெழுத்து வேண்டும். தொழில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்.எஸ்.எம்.மின் பதிவில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

பாதிக்குப் பாதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் சமமாக உழைத்தால் சமப் பங்கு நியாயம்தான். அப்படி வைத்தால், முட்டுக்கட்டை வந்தால் என்ன செய்வது என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள். ஒருவர் விலகினால் அவர் பங்கை மற்றவர் எந்தக் கணக்கில் வாங்குவது, விலையை யார் கணிப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது என்று தெளிவாக இருக்கட்டும். சமையல் யார் பொறுப்பு, பணப் பொறுப்பு யாருடையது, யாருக்கு என்ன சம்பளம், எந்தத் தொகைக்கு மேல் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 2016 சட்டத்தில் அமைப்பு விதி கட்டாயம் இல்லை. அது இல்லாத கம்பெனிக்குச் சட்டத்தில் உள்ள பொது விதிகளே பொருந்தும். ஒரே ஆள் கம்பெனிக்கு அது போதும். மாமன் மச்சான் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்குப் போதாது என்பது என் அபிப்பிராயம். வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று நினைக்காதீர்கள். அக்காவையும் தங்கையையும் இரண்டு பக்கமாக நிற்க வைக்காமல் காப்பது இந்தத் தாள்தான்.

சாவைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ஒருவர் தவறிவிட்டால் அவருடைய பங்கு அவர் குடும்பத்துக்குப் போகும். உயில் இல்லையென்றால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி மனைவி, பிள்ளை, உயிரோடு இருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் பிரியும். நிர்வாக உரிமை வாங்கி முடிக்கும் வரை அந்தப் பங்கு அந்தரத்தில் நிற்கும். ஒரே டைரக்டர் உள்ள கம்பெனியில் அவர் இறந்துவிட்டால், செகரட்டரி வாரிசுகளைக் கூட்டி புது டைரக்டரை நியமிக்க வழி செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் நியமனம் ஆகாவிட்டால் கம்பெனியின் பெயரையே பதிவிலிருந்து நீக்க இடமிருக்கிறது. கம்பெனி திறக்கும் அதே மாதத்தில் இருவரும் உயில் எழுதிவிடுங்கள்.

பதிவான பிறகு முப்பது நாளுக்குள் செகரட்டரியை நியமிக்க வேண்டும். கடிதம் அடிக்கும் ஆள் என்று நினைத்துக்கொண்டு மனைவியைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. சட்டம் அங்கீகரித்த தொழில் அமைப்பின் உறுப்பினராகவோ எஸ்.எஸ்.எம். உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும், தொழில் நடத்தும் சான்றிதழும் அவரிடம் இருக்க வேண்டும். மாதம் அறுபது, எண்பது என்று விளம்பரம் செய்யும் அலுவலகங்கள் உண்டு. மாதக் கட்டணம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒவ்வொரு நகலுக்கும் தனித்தனி பில் வருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதிவு அலுவலக முகவரியும் அவர்களுடையதாகவே இருக்கும். நீதிமன்றக் கடிதம், வரிக் கடிதம் அங்கேதான் போய் விழும். அதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கும் செகரட்டரியா, மேசையில் சேர்த்து வைக்கும் செகரட்டரியா என்பது விலையைவிட முக்கியம். 2024 ஏப்ரலிலிருந்து கம்பெனியின் உண்மையான பயனாளி யார் என்ற விவரத்தையும் எஸ்.எஸ்.எம்.மில் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. சித்தப்பா காசு போட்டு உங்கள் பெயரில் பங்கு வைத்திருந்தால் அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

பேங்க்குக்குப் போனால் பாரம் 9, பாரம் 24, பாரம் 49 கொண்டுவாருங்கள் என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவை பழைய சட்டத்தின் படிவங்கள். உங்களிடம் பதிவு அறிவிப்பும், பிரிவு 14 விண்ணப்பத்தின் நகலும், பிற்பாடு மாற்றம் இருந்தால் பிரிவு 58, பிரிவு 78 படிவங்களும் இருக்கும். செகரட்டரி சான்றளித்த நகல்களையும் கணக்குத் திறக்கும் தீர்மானத்தையும் எடுத்துப் போனால் போதும்.

ஒப்பந்த விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலை அவசரப்படுத்துகிறது என்று கம்பெனி பிறப்பதற்கு முன்பே அதன் பெயரில் கையெழுத்துப் போட்டால், கம்பெனி பிறந்து அதை ஏற்று உறுதி செய்யும் வரை அந்த ஒப்பந்தம் உங்கள் சொந்தத் தலையில்தான். பதிவு அறிவிப்பு வரட்டும், அப்புறம் கையெழுத்து.

இனி வரி. கம்பெனி என்றால் வரி மிச்சம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலதனம் 25 லட்சம் ரிங்கிட்டுக்கும், வருமானம் ஐந்து கோடிக்கும் மேல் போகாத உள்நாட்டுச் சிறு கம்பெனிக்கு முதல் 1,50,000 ரிங்கிட் லாபத்துக்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் 6,00,000 வரை 17, அதற்கும் மேல் 24. உங்கள் கூட்டு வணிகத்தில் வருஷத்துக்கு 1,60,000 லாபம் என்று வையுங்கள். இப்போது ஆளுக்கு 80,000. விலக்குகள் எல்லாம் போக வரிக்குரிய வருமானமே அது என்றாலும் ஆளுக்கு 5,600, இருவருக்கும் சேர்த்து 11,200 ரிங்கிட்தான் வரி. அதே 1,60,000 அப்படியே கம்பெனியின் லாபமாக நின்றால் 24,200. இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் இருவரும் சம்பளம் எடுத்துக்கொண்டால் கம்பெனி லாபம் குறையும், ஆனால் சம்பளத்துக்குக் கம்பெனி இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்ட வேண்டும். லாபம் இரண்டு மூன்று மடங்காகி, அதில் பெரும்பகுதியைத் தொழிலிலேயே விட்டுவைக்கும் நிலை வந்தால்தான் கம்பெனி விகிதம் உங்களுக்குச் சாதகமாகும். ஆகவே ஒப்பந்தத்துக்காகக் கம்பெனி திறங்கள், நியாயம். வரிக்காக என்றால் உங்கள் அளவில் இன்னும் வேளை வரவில்லை.

கம்பெனிப் பணம் உங்கள் பணம் இல்லை என்பதும் இங்கேதான் உறைக்கும். இதுவரை கல்லாவிலிருந்து எடுத்து மார்க்கெட்டுக்கும் கொடுத்தீர்கள், பிள்ளையின் டியூஷனுக்கும் கொடுத்தீர்கள். இனி எடுப்பதெல்லாம் சம்பளம், டைரக்டர் கட்டணம், டிவிடெண்ட், அல்லது கம்பெனி உங்களுக்குக் கொடுத்த கடன், இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். டிவிடெண்ட் கொடுக்க லாபம் இருக்க வேண்டும். கொடுத்த பிறகும் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வரும் கடன்களைக் கம்பெனி அடைக்க முடியும் என்று டைரக்டர்கள் திருப்தி அடைந்திருக்க வேண்டும். கணக்கில் சேராமல் எடுத்த பணமெல்லாம் டைரக்டர் கடனாக ஏறிக்கொண்டே போகும், அதற்கு வட்டி வந்ததாகக் கணக்கிட்டு வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் கம்பெனியிடம் வரி கேட்கும்.

கடைசியாக வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். வரையறுத்த பொறுப்பு என்றால், கம்பெனி வாங்கிய கடனுக்குக் கம்பெனியின் சொத்துதான் பொறுப்பு, நீங்கள் பங்குக்குக் கொடுத்த பணத்தோடு உங்கள் நஷ்டம் நின்றுவிடும். இப்போதிருக்கும் கூட்டு வணிகத்தில் மச்சான் வாங்கிய அரிசிக் கடனுக்கும் உங்கள் வீடுவரை வரலாம். அந்த விதத்தில் இது பெரிய காப்பு. ஆனால் அதில் ஓட்டை போடுவது பெரும்பாலும் நம் கையெழுத்துதான்.

பேங்க் கடன் கேட்டால் டைரக்டர்கள் சொந்த உத்தரவாதம் கேட்கும். சில மொத்த வியாபாரிகளும் கடன் கணக்குத் திறக்கும் படிவத்தின் பின் பக்கத்தில் சின்ன எழுத்தில் அதையே வைத்திருப்பார்கள். கடை வாடகை ஒப்பந்தத்திலும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை வரையறுத்த பொறுப்பு முடிந்தது. கடன் ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தொட்டால் உங்களைத் திவாலாக்க மனுப் போடலாம். 2017-ல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது சமூக உத்தரவாததாரர் என்று ஒரு பிரிவினருக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். படிப்புக் கடன், சொந்த உபயோகத்துக்கான கார், குடியிருக்கும் வீடு இவற்றுக்கு ஆதாயம் இல்லாமல் ஜாமீன் நின்றவர்களுக்கு அது. தன் கம்பெனியின் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட டைரக்டருக்கு அது கிடையாது. மனைவியையும் ஜாமீனாகச் சேர்க்கச் சொன்னால் தயவுசெய்து ஒரு நாள் தள்ளிப்போட்டு யோசியுங்கள். வீட்டில் ஒருவர் பெயராவது சுத்தமாக இருக்க வேண்டும். உத்தரவாதத்துக்கு உச்சவரம்பு கேளுங்கள். பேங்க் மறுக்கலாம், கேட்பதில் தப்பில்லை. மச்சான் பிற்காலத்தில் பங்கை விற்று விலகினாலும் அவருடைய உத்தரவாதம் தானாக விலகாது. பேங்க் எழுத்தில் விடுவிக்கும் வரை அவர் மாட்டியிருப்பார்.

கையெழுத்தே போடாமலும் தலைக்கு வருபவை உண்டு. பணியாளர்களின் இபிஎஃப் பாக்கிக்கு டைரக்டர்கள் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு. கம்பெனி கட்டாத வருமான வரிக்கு, நிர்வாகத்தில் ஈடுபட்டு 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் டைரக்டரிடமிருந்து எல்எச்டிஎன் வசூலிக்கலாம். உங்கள் இருவருக்கும் அது பொருந்தும். அடைக்க முடியாது என்று தெரிந்தே ஏமாற்றும் நோக்கத்தில் கம்பெனி பெயரில் கடன் வாங்கினாலும் நீதிமன்றம் அந்தக் கடனை உங்கள் சொந்தத் தலையில் கட்டலாம். பணம் நெருக்கடியாக இருக்கும் மாதத்தில் முதலில் இபிஎஃப், வரி, சம்பளம், அப்புறம் மற்றவை என்று பழகிக்கொள்ளுங்கள்.

நடத்தும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செகரட்டரியும் ஆடிட்டரும் நினைவுபடுத்துவார்கள். முதல் ஆள் வேலைக்குச் சேர்ந்த ஏழு நாளுக்குள் இபிஎஃப் பதிவு, முப்பது நாளுக்குள் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு). ஐயாயிரம் வரை சம்பளம் உள்ளவருக்குக் கம்பெனி பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. ஒவ்வொரு ஆண்டும் கம்பெனி பிறந்த தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் ஆண்டு அறிக்கை, கட்டணம் 150 ரிங்கிட். முதல் கணக்கு பதினெட்டு மாதத்துக்குள் தயாராக வேண்டும். நிதியாண்டு முடிந்து ஏழு மாதத்துக்குள் கம்பெனி வரிப் படிவம்.

தணிக்கை வேண்டுமா என்பது மாறிவருகிறது. வருமானம், சொத்து, ஆட்கள் என்ற மூன்றில் இரண்டு வரம்புக்குள் இருந்தால் விலக்கு: 2025-ல் தொடங்கும் நிதியாண்டுக்குப் பத்து லட்சம் ரிங்கிட், பத்து லட்சம், பத்து பேர், 2026-க்கு இருபது லட்சம், இருபது லட்சம், இருபது பேர், 2027 முதல் முப்பது. விலக்கு இருந்தாலும் தணிக்கை செய்யாத கணக்கைத் தாக்கல் செய்துதான் ஆக வேண்டும். கேண்டீன் நடத்தி பேங்க் கடனும் கேட்கும் எண்ணம் இருந்தால் விலக்கு இருந்தும் தணிக்கை செய்துகொள்வது நல்லது என்பேன். தணிக்கை செய்த கணக்கு கையில் இருந்தால் பேங்க்கில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் உரிமங்களும் தானாகக் கம்பெனிக்கு மாறாது. டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) கடை உரிமம், விளம்பரப் பலகை உரிமம், சுகாதார அமைச்சில் உணவு வளாகப் பதிவு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கம்பெனி பெயரில் புதிதாக வேண்டும். சமையல் ஆட்களின் டைபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் அவரவர் பெயரில் இருப்பதால் அவை தொடரும். வேன் தவணையில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் கம்பெனிக்கு மாற்றாதீர்கள். எல்லாம் மாறிய பிறகு பழைய வணிகப் பதிவை மூடுங்கள். நிறுத்திய முப்பது நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.முக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு பெயரிலும் மாறி மாறி இன்வாய்ஸ் போட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கடன் யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகும், கம்பெனி திறந்த பயனும் போகும்.

பிஎல்டி என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டு வணிகம் ஒன்றும் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு 500 ரிங்கிட், ஆண்டு அறிவிப்பு 200, தணிக்கை கட்டாயம் இல்லை. தொழிற்சாலை நிபந்தனை இல்லாமல் இருந்தால் உங்களுக்கு அதைத்தான் முதலில் காட்டியிருப்பேன். ஒப்பந்தக்காரர் செண்டிரியான் பெர்ஹாட் என்று எழுதியிருப்பதால் பிஎல்டி ஏற்குமா என்று ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டுப்பாருங்கள். ஏற்றால் வருஷச் செலவு குறையும்.

நாங்களே செய்யலாமா என்றால், செய்யலாம். ஐசியோடு போய் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்டு மைகோஐடியில் நீங்களே விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரலிலேயே மெனாரா எஸ்.எஸ்.எம். இருக்கிறது, செந்தூலிலிருந்து கொமுட்டர் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். ஆனால் முப்பது நாளில் செகரட்டரி எப்படியும் வேண்டும் என்பதால், முதலிலிருந்தே அவர் கையில் கொடுப்பது வசதி. ஆயிரம் ரிங்கிட் அரசுக் கட்டணம் எது, அவருடைய கூலி எது என்று பிரித்து எழுதிய விலைப்பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் முறை செகரட்டரியைப் பார்க்கப் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். இருவர் ஐசி, வீட்டு முகவரிக்கு ஒரு பில், மின்னஞ்சல், மூன்று பெயர், கேண்டீன் ஒப்பந்தத்தின் வரைவு, பழைய வணிகப் பதிவின் நகல், இவற்றோடு யாருக்கு எத்தனை பங்கு, யார் எவ்வளவு போடுகிறார், விலகினால் என்ன கணக்கு என்று நீங்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளும் இருக்கட்டும். அந்தத் தாள் தயாராகும் வரை சந்திப்புக்குத் தேதி வாங்காதீர்கள்.